ஆறாம் நம்பர் கிளையின் நடு மேசை

– அப்படி இல்லீங்க ஜெரோமண்ணா, இன்னும் கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருக்கோணும். இதென்ன எழவு ஊடுங்களா? ரத்னகிரி கஃபே, ஆறாம் நம்பர் கிளை, சூலூர். அறுபத்தெட்டு வருஷம். பேசிக்கலி, இது சந்தோசமான விசயமுங்க.

– நாளைக்கு இடிக்கறீங்களே மொதலாளி.

– இடிச்சாத்தானுங்களே மூணு மாடி கட்ட முடியும்? அதுக்குத்தான் இந்தப் படமே. புதுக் கட்டடம் தெறக்கறன்னைக்கு வாசல்ல பெரிய டிவியில இந்தக் கிளையோட வரலாறு ஓடும். சாய்ப்ரியா, உங்க கேமரா ரெடிங்களா?

– இன்னும் லைட் செட் பண்ணல கிருபா சார். பத்துப் பதினஞ்சு நிமிஷம் குடுங்க. வெளி வெயில் நேரா இவர் முகத்துல அடிக்குது.

– நிதானமாப் பண்ணுங்க. இவரு யாருன்னு தெரியுமில்லீங்களா? எங்க தாத்தா திருமூர்த்தி காலத்துல இருந்து பதினாலு கிளைக்கும் இவருதான் எலக்ட்ரீசியன். அம்பது வருஷம் ஆகப் போகுது. எங்க ஓட்டல்ல எரிஞ்ச ஒவ்வொரு பல்பும் இவரு மாட்டினதுதான். என்னங்கண்ணா?

– அது கெடக்குதுங்க. பல்பை ஆரு வேணாலும் மாட்டலாம்.

– பார்த்தீங்களா, இதுதான் ஜெரோமண்ணா. சரி, இந்தப் போட்டோவைப் பாருங்க சாய்ப்ரியா. நம்ம படத்துல இதுதான் ஐலைட்டு.

– யாரு சார் இந்தம்மா?

– ஜெரோமண்ணனோட அம்மா, மாசாணியம்மாள். இங்க பின்னாடி கொல்லை கூட்டிட்டு, எச்சில் எலை எடுத்துட்டு இருந்தவங்க. எழுபத்தெட்டுல எடுத்த படம். நடு மேசையில உக்காந்து டவரா டம்ளர்ல காபி குடிக்கறாங்க பாருங்க. அந்தக் காலத்துலயே! சுத்துவட்டாரத்துல எந்த ஓட்டல்ல இது நடந்துச்சு சொல்லுங்க? எங்க கஃபேயில ஆரு வந்தாலும் ஒண்ணுதான்னு காட்ட இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஆளுயரத்துக்குப் பெருசு பண்ணி சுவத்துல மாட்டப் போறோம்.

– செமயா இருக்கு சார்.

– அண்ணா, நீங்க சொல்ல வேண்டியது ரெண்டே வரி. 'எங்கம்மா இந்த மேசையில எல்லாருக்கும் சமமா உக்காந்து காபி குடிச்சாங்க.' அவ்வளவுதான். மகன் வாயால வந்தா அதுக்கு ஒரு வெயிட்டு இருக்குது பாருங்க.

– மொதலாளி, என்ற பொண்ணு அன்புச்செல்வி வேலை விசயம்...

– அதைய நான் மறப்பனுங்களா? சூப்பர்வைசர் ஆர்டர் என்ற பையிலயே இருக்குது. படம் முடிஞ்ச கையோட கையெழுத்துப் போட்டுத் தந்தர்றேன். இப்ப எங்க இருக்கறா?

– துடியலூர்ல ஒரு ஆசுபத்திரியிலீங்க. கான்ட்ராக்டுல தரை தொடைக்கறா. ஓட்டல் படிப்புப் படிச்ச புள்ளை. புருசன் போய் மூணு வருஷமாச்சு, ரெண்டு பசங்க. இந்த வேலை கெடைச்சா குவார்ட்டர்சும் உண்டுன்னு சொன்னீங்க, பசங்களைச் சூலூர் ஸ்கூல்லயே சேர்த்திரலாம்னு பாரம் கூட வாங்கி வெச்சுட்டா.

– கவலையே படாதீங்க. படம் நல்லபடியா வரட்டும். ஜேசிபிக்காரன் போன் மேல போன் பண்றான், பேசிப்போட்டு வாரேன். சாய்ப்ரியா, அண்ணனைச் சும்மா பேச வெச்சுட்டு இருங்க, அப்பத்தான் கூச்சம் போகும்.

– ஓகே சார்... ஜெரோம் சார், இப்படி வாங்க. இந்தச் சின்ன மைக்கை உங்க காலர்ல மாட்டிக்கறேன். இந்தப் பெட்டியைச் சட்டைப் பையில வச்சுக்கங்க.

– தீப்பெட்டியாட்ட இருக்குதுங்களே அம்மணி.

– ரெக்கார்டர் சார். இந்தப் பட்டனை அமுக்கினா மேல சிவப்பா ஒரு லைட் எரியும். எரிஞ்சா உங்க பேச்சு பதிவாகுதுன்னு அர்த்தம். ஆன் பண்ணிட்டேன். கேமரா அப்புறம். நான் லைட் ஸ்டாண்டை நிறுத்தற வரைக்கும் வாய்ஸ் மட்டும் எடுத்துக்கறேன், பின்னணியில போட்டுக்கலாம்.

– இந்தப் பொத்தானுங்களா?

– ஆமா. அதை மட்டும் தொடாதீங்க சார்.

– தொடலீங்க.

– சரி, இந்தக் கிளையைப் பத்தி உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க. எப்ப ஆரம்பிச்சாங்க?

– நான் பொறந்த வருஷமுங்க. ஐம்பத்தேழு. அப்ப திருச்சி ரோட்டுல பஸ்ஸுக நிக்கறதுன்னா இங்கதான் நிக்கும். ஏர்போர்ஸ் கேம்ப்ல இருந்து வடக்கத்தி ஆளுக சைக்கிள்ல வருவாங்க. தறிக்காரங்க ராத்திரி சிப்டு முடிச்சுப்போட்டு விடியக்காலையில வருவாங்க. பதினாலு கிளையும் ஒரே அச்சுங்க. அதே பச்சை டைல்ஸ், அதே பித்தளைத் தவலை, அதே சிக்கரிக் கலப்பு. தலைமை ஆபீஸ்ல இருந்து பிளான் வரும், அதைய வெச்சு அப்படியே கட்டிருவாங்க. எந்தக் கிளைக்குள்ள உங்களக் கண்ணைக் கட்டி விட்டாலும் கை கழுவற எடம் எங்கன்னு சொல்லிப்போடலாம்.

– எத்தனை மேசை?

– பன்னெண்டு மேசை. ஒவ்வொரு மேசைக்கு மேலயும் ஒரு ஃபேனு, ஒரு பல்பு.

– இந்தப் போட்டோவைக் கொஞ்சம் பாருங்க சார். அன்னைக்கு நீங்களும் இருந்தீங்களா? அம்மாவைப் பத்திச் சொல்லுங்களேன்.

– இருங்க அம்மணி, கண்ணாடி போட்டுக்கறேன். சட்டைப் பையிலதான் கெடக்குது... இதா. இப்பக் குடுங்க.

– உங்களுக்கு அம்மா சாயல்தான் சார். அதே கண்ணு.

– இந்தப் படத்துல வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாருங்க.

– இடது பக்கம். ஏன் சார்?

– அந்த லைட்டைப் புடிச்சுட்டு நின்னது நானுங்க.

– அட! அம்மா காபி குடிக்கறதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்க.

– எங்கம்மா குடிக்கலீங்க.

– புரியல.

– டம்ளரு உதட்டுக்கு எத்தனை தூரம்னு பாருங்க. ரெண்டு விரக்கடை. அதுக்கு மேல அது போகவே இல்லை.

– ஆனா கிருபா சார்...

– சின்ன மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாதுங்க, பாவம். அவரு அப்பப் பொறக்கவே இல்லை. ஊட்டுல சொன்னதைச் சொல்றாரு. அம்மணி, பின்னால சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்குது, பார்த்தீங்களா?

– பார்த்தேன், ரொம்ப அழகா இருக்கு. மரச் சட்டம், சின்னக் கதவு. எல்லாத்தையும் இடிச்சாலும் அந்தச் சுவரை மட்டும் வச்சுக்கிட்டு, அதைப் பழைய கால ஸ்டைல்ல பார்சல் கவுண்டர் ஆக்கப் போறாங்களாமே.

– அதைய இடிக்கறதில்லீங்களா?

– இல்லையாம்.

– அட சாமி. இத்தனையும் இடிச்சுப்போட்டு அதைய மட்டும் வெச்சுக்கறாங்களா?

– ஏன் சார், என்ன ஆச்சு?

– எங்க சனத்துக்கு அங்கதானுங்க காபி. உள்ள வரக் கூடாது. சந்துல நின்னுக்கோணும். சுவத்துல ஆணி அடிச்சு அலுமினிய டம்ளருக தொங்கும். நாமளே எடுத்து நீட்டோணும். உள்ள இருந்து ஒசரமாத் தூக்கி ஊத்துவாங்க, கை பட்டுரக் கூடாதில்லைங்களா? பாதி காபி கையில ஊத்தும். குடிச்சுப்போட்டுக் கழுவி மறுக்கா ஆணியில மாட்டிரோணும்.

– இங்க மட்டுமா?

– பதினாலுலயும். ஒயரிங்குக்குப் பிளானை என்ற கையிலதானே குடுப்பாங்க? அதுலயே இந்த ஜன்னலைப் போட்டிருக்கும். ரெண்டடிக்கு ஒண்ணரையடி. அவினாசியிலயும் அதே அளவு, துடியலூர்லயும் அதே அளவு. ஆரோ ஒருத்தர் உக்காந்து, அடிக்கோல் வெச்சு, அளந்து வரைஞ்சிருக்கறாங்க பாருங்க.

– நீங்க உள்ளதானே சார் வேலை பார்த்தீங்க?

– உள்ளதானுங்க. மேசை மேல ஏறி நிக்கலாம். ஃபேனு ரிப்பேருன்னா அந்த நடு மேசை மேல செருப்பில்லாம ஏறி ஒரு மணி நேரம் கூட நின்னிருக்கேன். ஆனா அந்த மேசையில உக்காரக் கூடாது. வேலை முடிஞ்சா எறங்கி, கொல்லைப் பக்கமாச் சுத்திப்போய், ஜன்னல்ல டம்ளரை நீட்டோணும். காபி ஊத்தறவனும் நானும் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால உள்ள பேசிச் சிரிச்சுட்டு இருந்திருப்போம். ஜன்னலுக்கு வந்ததும் அவன் மூஞ்சியே வேற.

– அப்புறம் இந்தப் போட்டோ எப்படி?

– ஆரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டாங்க, இந்தக் கஃபேயில இப்படி நடக்குதுன்னு. விசாரிக்க ஆபீசருக வாராங்கன்னு முந்தின நாளே தாக்கல் வந்திருச்சு. மேனேஜர் வெங்கடபதி நெம்ப வெவரமான ஆளு. ஆணியெல்லாம் புடுங்கிட்டாரு. ஜன்னலைச் சாத்திட்டாரு. அவரு ஊட்டம்மா சீலை ஒண்ணைக் குடுத்தனுப்பி எங்கம்மாவக் கட்டிட்டு வரச் சொன்னாரு. ஆபீசருக வந்ததும், 'வாங்க மாசாணியம்மா, எப்பவும் உக்கார்ற எடத்துலயே உக்காருங்க'ன்னாரு.

– எப்பவும் உக்கார்ற எடமா?

– ஆமாங்க. அதுவரைக்கும் 'ஏ மாசாணி'தான். எங்கம்மா பயந்துபோய் என்னையப் பார்த்தாங்க. நான் லைட்டைப் புடிச்சுக்கிட்டே தலையாட்டினேன். உக்காந்தாங்க. காபி வந்துச்சு. டவராவுல ஆத்தக் கூடத் தெரியலை அவங்களுக்கு, தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. போட்டோ புடிச்சாங்க. ஆபீசருக நோட்டுல எழுதிட்டு, கையெழுத்து வாங்கிட்டு, ஜீப்புல ஏறிட்டாங்க. ஜீப்பு ரோடு திரும்பறதுக்குள்ள டம்ளரை வாங்கிட்டாங்க. அவ்வளவுதானுங்க படம்.

– கடவுளே...

– அதோட போயிருந்தாலும் பரவால்லீங்க. எங்கம்மா அதைய நம்பிட்டாங்க.

– எதை?

– அடுத்த நாள் காலையில அதே சீலையைக் கட்டி, தலைக்கு எண்ணெய் வெச்சு, முன் வாசல் வழியா வந்து நடு மேசையில உக்காந்துட்டாங்க. சண்டைக்கு வரலீங்க. சண்டை போடற ஆளே இல்லை. நேத்து உக்காருங்கன்னாங்க, ஆபீசருக நோட்டுல எழுதிட்டுப் போயிட்டாங்க, இனிமே இப்படித்தான்னு நெனைச்சுட்டாங்க. கவர்மெண்டு நோட்டுல ஏறிட்டா அது மாறாதுன்னு நம்பற சனமுங்க நாங்க.

– அடிச்சுட்டாங்களா சார்?

– நம்மூர்ல ஆருங்க அடிக்கறாங்க? ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. எந்திரின்னு கூடச் சொல்லலை. சப்ளையருக அந்த மேசையைச் சுத்திக்கிட்டுப் போனாங்க. பக்கத்து மேசைக்காரங்க ஒவ்வொருத்தரா எலையைத் தூக்கிக்கிட்டு அக்கட்டப் போய் உக்காந்தாங்க. காலையில ஏழு மணிக்கு உக்காந்தவங்க, பத்தாச்சு, மத்தியானமாச்சு. ஒரு டம்ளர் தண்ணி ஆரும் வெக்கலை. எங்கம்மா சப்ளையருக பக்கத்துல வாரப்பவெல்லாம் நிமுந்து பார்ப்பாங்க. காபி கேக்கறதுக்கு வாயைத் தெறப்பாங்க. அவன் போயிருப்பான்.

– நீங்க எங்க இருந்தீங்க?

– சுவிட்ச் போர்டுக்கிட்ட.

– சார், கஷ்டமா இருந்தா விட்டுடலாம்.

– மேனேஜர் வந்து என்ற தோள்ல கையே வெக்காத குறையா, மெதுவாத்தான் சொன்னாரு. 'ஜெரோமு, கண்ணு, அந்த மேசைக்கு ஃபேனு எதுக்கு ஓடுது? அமத்திரு.' சித்திரை மாசமுங்க அது. அமத்தினேன். எங்கம்மா மேல பார்த்தாங்க. ரெக்கை நிக்கற வரைக்கும் பார்த்தாங்க. பொறவு திரும்பி சுவிட்ச் போர்டைப் பார்த்தாங்க. அங்க நான் நிக்கறேன்.

– உங்களுக்கு அப்ப வயசு என்ன, இருபத்தொண்ணு. வேற என்ன செஞ்சிருக்க முடியும்? அவர் சொன்னாரு, நீங்க...

– இன்னும் முடியலீங்க அம்மணி. பொழுது எறங்குச்சு. லைட்டுப் போடற நேரம். பதினொரு மேசைக்குப் போட்டேன். நடு மேசைக்குப் போடலை.

– மேனேஜர் சொன்னாரா?

– இல்லீங்க. ஃபேனுக்குத்தான் சொன்னாரு. லைட்டுக்கு ஆரும் சொல்லலை. நானாத்தான் போடலை.

– ஏன் சார்?

– இருட்டாயிட்டா எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாங்கன்னு பார்த்தேன். என்ற வேலையும் தப்பிச்சுக்குமுன்னு பார்த்தேன். ரெண்டுந்தான். அப்படியே ஆச்சு. அந்த இருட்டுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க. பொறவு எந்திரிச்சு, மேசையை முந்தானையால தொடைச்சுப்போட்டு, பின் வாசல் வழியாப் போனாங்க. நாள் பூராவும் அதுல ஒண்ணுமே வெக்கலை, எதைத் தொடைச்சாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

– அப்புறம்?

– அப்புறமென்ன, அடுத்த நாள் வழக்கம்போல கொல்லை கூட்டினாங்க. காபி மட்டும் குடிக்கலை. ஜன்னல்லயும் வாங்கலை, ஊட்டுலயும் குடிக்கலை. பதினெட்டு வருஷம். சாகறப்ப, 'அம்மா, ஒரு வாய் காபி வெச்சுத் தரட்டுமா'ன்னேன். வேண்டான்னு கையாட்டினாங்க. அந்த நாளைப் பத்தி ஏங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாங்கன்னா தேவலைங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தா நான் அழுது தீர்த்திருப்பேன்.

– உங்க பொண்ணுக்குத் தெரியுமா?

– தெரியாதுங்க. ஆருக்கும் தெரியாது. அன்பு இந்தப் போட்டோவைப் போன்ல வெச்சிருக்கறா. 'நம்ம அப்பத்தா எப்படி ராணியாட்ட உக்காந்திருக்காங்க பாருப்பா'ங்கறா.

– ஜெரோம் சார், இதுதான் இந்தக் கிளையோட வரலாறு. அந்த ரெண்டு வரி இல்ல. நான் இதை... ஒரு நிமிஷம், அந்த ரெக்கார்டரைக் குடுங்க.

– இந்தாங்க.

– ஐயோ. லைட் எரியல.

– அப்படீங்களா?

– இருங்க, என்ன இருக்குன்னு கேட்டுப் பார்க்கறேன்... 'ஒவ்வொரு மேசைக்கு மேலயும் ஒரு ஃபேனு, ஒரு பல்பு'. அடுத்து நான் போட்டோவைப் பாருங்கன்னு சொல்றேன், நீங்க 'இருங்க அம்மணி'ங்கறீங்க. அதோட நிக்குது. அவ்வளவுதான் இருக்கு. ஒண்ணுமே பதிவாகல சார்!

– போகுது உடுங்க.

– எப்படிச் சார் விடறது? பேட்டரியா என்னன்னு தெரியல. நடுவுல ஒரு தடவை பார்த்திருக்கணும் நான். பத்து வருஷமா இந்த வேலை செய்யறேன், ஒரு தடவை கூட இப்படி ஆனதில்ல. சார், கோவிச்சுக்காதீங்க, இன்னொரு தடவை சொல்றீங்களா? கிருபா சாருக்குத் தர மாட்டேன். நானே வச்சுக்கறேன். என்னைக்காவது, நீங்க சரின்னு சொல்ற அன்னைக்கு...

– வேண்டாமுங்க அம்மணி.

– சார், ப்ளீஸ். நாளைக்கு இந்த இடமே இருக்காது.

– சின்ன மொதலாளி வாராரு பாருங்க.

– என்னங்கண்ணா, கூச்சமெல்லாம் போயிருச்சுங்களா? சாய்ப்ரியா, ஏனுங்க கண்ணு கலங்கி இருக்குது?

– லைட் சூடு சார்.

– சரி, எடுத்துப்போடலாம். அண்ணா, அந்த நடு மேசையில உக்காருங்க. நல்லாச் சாஞ்சு உக்காருங்க, உங்க எடந்தானுங்களே அது. ம், சிரிச்ச மூஞ்சி.

– ரெக்கார்டர் ஆன். சிவப்பு எரியுது. கேமரா ஆன். ஜெரோம் சார்... உங்களுக்கு என்ன சொல்லணும்னு தோணுதோ, அதைச் சொல்லுங்க. நான் நிறுத்த மாட்டேன்.

– வணக்கமுங்க. என்ற பேரு ஜெரோம். எங்கம்மா மாசாணியம்மாள். ரத்னகிரி கஃபேயில ஆரு வந்தாலும் ஒண்ணுதானுங்க. எங்கம்மா இதே மேசையில எல்லாருக்கும் சமமா உக்காந்து காபி குடிச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

– சூப்பருங்கண்ணா! ஒரே டேக்கு! அந்த 'நின்னு பார்த்தேன்' பிரமாதம். இன்னும் ஒண்ணு மட்டும். குடிச்சுப்போட்டு அம்மா என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமுங்களா?

– காபி நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க.

– போதுமுங்க, இது போதும். கேமராவை நிறுத்திக்கங்க சாய்ப்ரியா. அண்ணா, இந்தாங்க ஆர்டர், கையெழுத்துப் போட்டாச்சு. பேசிக்கலி, அன்புச்செல்வி மொதல்ல ஒரு வருஷம் அந்தப் பார்சல் ஜன்னலைப் பார்த்துக்கட்டும். சூப்பர்வைசர் பட்டம் அப்புறம் தன்னால வரும். உள்ள ஹாலுக்கு வேற ஆள் போட்டுட்டோம், சொந்தக்காரப் பையன், தட்ட முடியலை.

– பின்னால ஜன்னல்லீங்களா?

– ஆமாங்கண்ணா, அங்கதான் யாவாரமே. குவார்ட்டர்சு மட்டும் பொறவு பார்த்துக்கலாம். உங்களுக்குச் சந்தோசந்தானுங்களே?

– சரிங்க மொதலாளி.

– நான் கேட்டைப் பூட்டச் சொல்லிப்போட்டுப் போறேன். கார் கிட்ட வந்துருங்க சாய்ப்ரியா.

– வரேன் சார்... ஜெரோம் சார், அந்த மைக்கைக் கழட்டிக்கறேன். என்னை மன்னிச்சுடுங்க. நான் மட்டும் அந்தப் பட்டனை ஒழுங்கா அமுக்கியிருந்தா, உங்கம்மா அன்னைக்கு உக்காந்திருந்தது எங்கயாவது ஒரு இடத்துல இருந்திருக்கும். இப்ப அந்தப் பொய் மட்டும்தான் இருக்கு. என்னாலதான்.

– மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி. நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க, செவப்பு நல்லாத்தான் எரிஞ்சுது. கண்ணாடி எடுக்கறேன்னு பைக்குள்ள கையை உட்டேன் பாருங்க, அப்ப நான்தானுங்க அமத்திப்போட்டேன். இந்தத் தடவையும் ஆரும் சொல்லலீங்க.